பின் டயரை மட்டும் தனியாக வாங்காதே, மாப்பிள்ளை

குழு: காட்பாடி வீடு

சனிக்கிழமை

தம்பி: மாமா, இருக்கிறீர்களா? என் பிஎம்டபிள்யூ இசட்4 காருக்குப் பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும். பெங்களூரில் ஒரு கடையில் போனில் கேட்டேன். 255/35 ஆர்18 கைவசம் இல்லையாம். 275/35 போடலாம், பின்னால் அகலம் கூடினால் பிடிப்பும் கூடும், பார்க்கவும் கெத்தாக இருக்கும் என்றார்கள். அது வேண்டாமென்றால் 255/40 இன்றைக்கே கிடைக்குமாம். எதைச் சொல்லட்டும்?

அம்மா: காலையிலிருந்து இதே பேச்சுதான் இவனுக்கு. இட்லி ஆறிப்போனது.

மாமா: எதையும் சொல்லாதே மாப்பிள்ளை. முன்னால் என்ன அளவு?

தம்பி: 225/40 ஆர்18.

மாமா: வண்டி எங்கே நிற்கிறது?

தம்பி: காந்தி நகர் வீட்டு வாசலில்தான்.

மாமா: பின் டயரை நன்றாகப் படம் எடுத்து அனுப்பு.

தம்பி: (படம்) பாருங்கள், பட்டன் (டயர் மேல் இருக்கும் ரப்பர் கட்டை) இன்னும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கிறது. உடனே மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை. தீபாவளிக்கு முன்னால் மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

மாமா: இது வெளிப்பக்கம். எனக்கு உள்பக்கம் வேண்டும். ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டயரின் உள் ஓரத்தை விரலால் தடவிப் பார். மெதுவாகத் தடவு, கை கிழியும்.

தம்பி: (படம்)

தம்பி: மாமா, உள் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. நூல் பிசிறு தெரிகிறது. ஓரிடத்தில் கம்பி குத்துகிறது. இடது, வலது இரண்டும் அப்படியே.

நான்: டேய், போன ஞாயிறு இந்த வண்டியில்தானே ஏலகிரி போய் வந்தாய்?

தம்பி: ஆமாம் அக்கா. எனக்குத் தெரியவே இல்லை.

மாமா: நின்றுகொண்டு பார்த்தால் யாருக்கும் தெரியாது. அந்த வண்டியில் பின் சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும். கேம்பர் என்போம். திருப்பத்தில் பிடிக்க வேண்டும் என்று கம்பெனியே அப்படி வைக்கிறது. அதோடு டோவும், அதாவது சக்கரம் நேரே பார்க்கும் கோணமும், விலகிவிட்டால் உள் ஓரம் மட்டும் அரத்தில் தேய்த்ததுபோல் போய்விடும். வெளியே பட்டன் பளபளவென்று நிற்கும், உள்ளே கேன்வாஸ் வந்திருக்கும். என் கடைக்கு வரும் பின்சக்கர இழுவைக் கார்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சட்டம் 1.6 மில்லிமீட்டர் பட்டன் வேண்டும் என்கிறது. உன்னுடையதில் அந்த இடத்தில் பூஜ்யம். வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதே.

அம்மா: நல்லவேளை கேட்டாய். சாவியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மாமா: முன் டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துக்குப் பின்னால், முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். படித்துச் சொல்.

தம்பி: 1417.

மாமா: 2017-ஆம் வருஷம் பதினான்காவது வாரம் செய்தது. நகத்தால் அழுத்திப் பார், பள்ளம் விழுகிறதா?

தம்பி: விழவில்லை. கல் மாதிரி இருக்கிறது. பட்டன் ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறதே மாமா?

மாமா: பட்டன் இருந்து என்ன, ரப்பர் செத்துவிட்டது. வேலூர் வெயிலில் வாசலில் நின்ற வண்டி. அக்னி நட்சத்திரத்தில் நம் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து பார்த்திருக்கிறாய் அல்லவா, ஒவ்வொரு வருஷமும் அதைத் தாங்கியிருக்கிறது. நான்கும் மாற்றப் போகிறோம்.

அம்மா: நான்குமா? எவ்வளவு ஆகும்?

மாமா: ஒரு புது ஸ்கூட்டர் வாங்கும் பணத்தில் பாதிக்கு மேல் ஆகும் அக்கா. குறைத்துச் சொல்லி ஏமாற்ற மாட்டேன்.

தம்பி: சரி மாமா, போடுவோம். ஆனால் 275 ஏன் கூடாது? அகலமாக இருந்தால் நல்லதுதானே?

மாமா: பொறு, கடையில் ஆள் இருக்கிறார். மத்தியானம் எழுதுகிறேன்.

மாமா: சாப்பிட்டாயா? இப்போது கேள். முதலில் ரிம். உன் பின் ரிம் எட்டரை அங்குல அகலம். 255/35-க்கு எட்டரை முதல் பத்து வரை ஒப்புக்கொண்ட அளவு. 275/35-க்கு ஒன்பதில்தான் ஆரம்பம். எட்டரையில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் பக்கவாட்டு உள்ளே இழுபட்டு டயர் பலூன் மாதிரி நடுவில் உப்பும். நீ காசு கொடுத்த அந்த 20 மில்லிமீட்டர் தரையில் ஒழுங்காகப் படியாது. திருப்பத்தில் பின்பக்கம் வழுவழுவென்று ஆடும்.

மாமா: இரண்டாவது, முன்னால் 225, பின்னால் 255 என்று வைத்ததே ஒரு கணக்கு. இன்ஜினின் இழுவை முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போகிறது, ஆக்ஸிலேட்டர் மிதித்தால் எடையும் பின்னால் சாய்கிறது. அதற்குத்தான் அகலம். முன்னால் ஒல்லியாக இருப்பதால் பிடிப்பு எல்லை மீறும்போது முதலில் முன்பக்கம் வழுக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி திரும்பச் சொன்ன பேச்சு கேட்கும். பின்பக்கம் முதலில் வழுக்கினால் சுழன்றுவிடும், அதைத் திருத்தப் பழக்கம் வேண்டும். இப்போது பின்னால் மட்டும் இன்னும் அகலமாக்கினால் என்ன ஆகும்? முன்பக்கம் இன்னும் சீக்கிரம் கைவிடும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போவதாகத் தோன்றும். பின்னால் போட்ட காசு, முன்னால் இருந்த குணத்தைக் கெடுக்கும்.

சித்தப்பா: இதைத்தான் அரக்கோணத்தில் டயர் தொழிற்சாலையில் இருந்தபோது நாங்களும் சொல்வோம். மாமா சொல்வதைக் கேள். மழையையும் சேர்த்துக்கொள். அகலம் கூடக் கூடத் தண்ணீரைக் கிழித்துத் தரையைத் தொடுவது கஷ்டம். ஐப்பசி மழையில் பள்ளிகொண்டா பக்கம் சாலையில் தேங்கும் தண்ணீர் உனக்கே தெரியும்.

தம்பி: சரி, 275 வேண்டாம். 255/40? அகலம் அதேதானே, 35-க்குப் பதில் 40. உயரம் கொஞ்சம் கூடும், பள்ளத்துக்கும் நல்லது.

மாமா: இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்த 40 மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். 255 மில்லிமீட்டர் அகலத்தில் 35 சதவீதம் என்றால் பக்கவாட்டு 89 மில்லிமீட்டர் சொச்சம். 40 என்றால் 102. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு முறை கூட்ட வேண்டும். நடுவில் 18 அங்குல ரிம், அதாவது 457 மில்லிமீட்டர். கூட்டிப் பார்.

தம்பி: 255/35 என்றால் 635.7. 255/40 என்றால் 661.2.

மாமா: முன்னால் 225/40?

தம்பி: 637.2. அட, முன்னும் பின்னும் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!

மாமா: அதுதான் மாப்பிள்ளை விஷயம். அகலம் வேறு, சதவீதம் வேறு, ஆனால் உயரம் ஒன்று. 255/40 போட்டால் பின் சக்கரம் இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். ஒரு கிலோமீட்டர் ஓட முன் சக்கரம் கிட்டத்தட்ட 500 சுற்று சுற்றும், பின் சக்கரம் 481-தான் சுற்றும். ஏபிஎஸ்ஸும் வழுக்கல் தடுப்பும் நான்கு சக்கரத்தின் சுற்றையும் ஒப்பிட்டுத்தான் பிரேக்கைப் பிடிப்பதா விடுவதா என்று முடிவு செய்கின்றன. நேர் சாலையிலேயே நீ தப்புக் கணக்கைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவசரத்துக்கு அது எதை நம்பும்? பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டிலும் உரசும்.

தம்பி: ஒரு சந்தேகம். போர்ஷே 911-இல் முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 295/35 ஆர்20. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பின்னால் நாலு சென்டிமீட்டருக்கு மேல் பெரியது. அது மட்டும் எப்படி ஓடுகிறது?

மாமா: நல்ல கேள்வி. அந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால். எடை பின்னால். பெரிய சக்கரம் வேண்டும் என்று தீர்மானித்து, கம்ப்யூட்டருக்கும் அந்த வித்தியாசத்தைச் சொல்லித்தான் கம்பெனி வெளியே விடுகிறது. அதில் போய் நான்கையும் ஒரே உயரமாக்கினால் அதுவும் தப்பு. முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி வைத்த விகிதத்தை நாம் கலைக்கக் கூடாது, அவ்வளவுதான். நான்கு சக்கர இழுவை என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். சுற்று மாறினால் நடுவில் இருக்கும் கியர் பெட்டியே சூடாகிக் கெடும்.

மாமா: என்னைக் கேட்டால் உனக்கு 17 அங்குல ரிம் போதும். இதே வண்டிக்குக் கம்பெனியே 225/45 ஆர்17 நான்கும் ஒரே அளவாகக் கொடுத்தது. பக்கவாட்டு 101 மில்லிமீட்டர், சர்வீஸ் ரோட்டுப் பள்ளத்துக்கு ரிம் தப்பிக்கும். முன்னதைப் பின்னால் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமமாக்கலாம். இப்போது இருக்கும் அளவில் அது முடியாது.

தம்பி: மாமா, அந்த 18 அங்குல ரிம்மைப் பார்த்துத்தான் வண்டியையே வாங்கினேன்.

மாமா: சரி சரி, ஆசைப்பட்டு வாங்கினாய். 18-ஏ இருக்கட்டும். உயரமும் விகிதமும் சரியாக இருந்தால் எனக்குச் சண்டை இல்லை.

சித்தப்பா: அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார்த்து வாங்கு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 92 என்றால் 630. கூட இருக்கும் எழுத்து வேகம். டபிள்யூ 270, ஒய் 300. இப்போது இருப்பதைவிடக் குறைந்தது எதுவும் வேண்டாம். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் டிசைன்.

தம்பி: ரன்ஃப்ளாட்டா, சாதாரணமா?

மாமா: வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. ரன்ஃப்ளாட் பஞ்சர் ஆனாலும் 80 வேகத்தில் 80 கிலோமீட்டர் போகலாம். ஆம்பூரில் காற்று போனாலும் வீடு வந்து சேரலாம். ஆனால் முதுகு வலிக்கும், விலையும் கூட. சாதாரணம் போட்டால் ஓட்ட சுகம், ஆனால் பஞ்சர் மருந்தும் சின்ன பம்ப்பும் டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டும். நீ ராத்திரியில் தனியாகப் பெங்களூர் போகிறவன். ரன்ஃப்ளாட்டே போடு.

நான்: நானும் அதையே சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு வாணியம்பாடி தாண்டி நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணாதே.

வெள்ளிக்கிழமை

தம்பி: சென்னையிலிருந்து டயர் வந்துவிட்டது. 225/40 இரண்டு, 255/35 இரண்டு. நான்கிலும் தேதி பார்த்தேன், எல்லாம் இந்த வருஷம்தான்.

மாமா: சாயங்காலம் ஜாக்கியோடு வருகிறேன். சக்கரங்களைக் கழற்றி என் வேனில் கடைக்கு எடுத்துப் போய் மாட்டி, பேலன்ஸ் செய்து கொண்டுவருவோம். அதுவரை வண்டி ஸ்டாண்டில் நிற்கட்டும்.

அம்மா: இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போ. கத்தரிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை

தம்பி: (படம்) சத்துவாச்சாரி கடையில் அலைன்மென்ட் முடிந்தது. பின் டோ நன்றாகவே விலகியிருந்தது, இப்போது சரி. அப்புறம் மாமா ஒரு வேலை செய்தார். முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலும் கோடு போட்டார். வண்டியைத் தள்ளி, டயர்க் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றித் திரும்பத் தரைக்கு வந்த இடத்தில் மறுபடி கோடு. டேப்பில் அளந்தோம். இரண்டும் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

சித்தப்பா: வண்டி எடையில் டயர் அமுங்கும், அதனால்தான் கணக்கில் வந்ததைவிடக் குறைகிறது. சரியாகத்தான் வந்திருக்கிறது.

மாமா: அந்த 255/40 போட்டிருந்தால் பின் கோடு ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளி விழுந்திருக்கும். எண்ணாகச் சொன்னால் மறந்துவிடும், கோடாகப் பார்த்தால் மறக்காது.

நான்: அடுத்த வாரம் ஆம்பூர் வருகிறாயா? என்னை ஏலகிரி கூட்டிக்கொண்டு போ.

தம்பி: வருகிறேன் அக்கா. காற்று எத்தனை பாயிண்ட் வைக்க, மாமா?

மாமா: டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. விடிகாலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் பார். ஓடிச் சூடான டயரில் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதே, ஐந்தாறு டிகிரி ஏறினாலே ஒரு பாயிண்ட் கூடும். முதல் சில நூறு கிலோமீட்டர் விரட்டாதே, புது ரப்பர் மேல்தோல் வழுக்கும். ஆயிரம் ஓடியதும் கடைக்குக் கொண்டுவா. உள் ஓரத்தை நானே தடவிப் பார்க்கிறேன்.