கோடையில் ட்ரை ஃபுட்: தண்ணீர் கிண்ணத்திலா, சாப்பாட்டிலா?

மாடிவீட்டுக்காரர்:
கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் ஓர் ஆண் பூனை (4 கிலோ), ஒரு சிப்பிப்பாறை நாய். இரண்டுக்கும் ட்ரை ஃபுட்தான் (கடையில் வாங்கும் உலர் தீவனம்). கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கும், பூனை அந்தப் பக்கமே போவதில்லை. சாப்பாட்டிலேயே தண்ணீர் சேர்க்க வேண்டும் என்கிறாள் தங்கை. தேவையா?

திண்ணைவாசி:
தேவையே இல்லை. தாகம் எடுத்தால் குடிக்கும். வெட் ஃபுட் (ஈரத் தீவனம்) பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். குழாயில் வருவதைக் கறி விலை கொடுத்து வாங்குவானேன்? வெயில் வந்தால் விற்பவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

சாம்பல்வால்:
தாகம் எடுத்தால் குடிக்கும் என்பது நாய்க்குப் பொருந்தும். பூனை கதை வேறு. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து உயிர். எலியின் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீர். இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்டு, சிறுநீரைக் கெட்டியாக்கி மிச்சம் பிடித்துப் பழகிய உடம்பு அது. தாகமே தாமதமாகத்தான் எடுக்கும்.

கணக்கும் போட்டுவிடலாம். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி வேண்டும். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம் அளவுதான். 60 கிராம் தின்றால் கிடைப்பது 6 மில்லி. உணவு செரித்து எரியும்போது உடம்பிலேயே உண்டாகும் கொஞ்சம் நீரைக் கழித்தாலும், 150 மில்லிக்கு மேல் குடித்தாக வேண்டும். கிண்ணத்துப் பக்கமே போகாத பூனை அவ்வளவு குடிக்குமா?

திண்ணைவாசி:
ட்ரை ஃபுட் தின்றே பதினைந்து வயது வரை வாழும் பூனைகள் எத்தனையோ. ட்ரை தின்னும் பூனை அதற்கேற்ப அதிகம் குடிக்கத்தான் செய்கிறது. ட்ரை ஃபுட்டால்தான் சிறுநீரகம் கெடுகிறது என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

சாம்பல்வால்:
சிறுநீரகத்தைப் பற்றி நான் பேசவே இல்லையே, அண்ணே. அதிகம் குடிக்கும், சரி. ஆனால் மொத்தக் கணக்கு பார்த்தால் வெட் ஃபுட் தின்னும் பூனைக்குப் போகிற அளவு போவதில்லை.

என் கவலை சிறுநீர்ப் பாதை. ஆண் பூனைக்கு அது மிகக் குறுகல். கெட்டியான சிறுநீரில் படிகங்கள் சேர்ந்து அடைத்துக்கொண்டால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிரே போகலாம். உடல் பருமன், மன அழுத்தம் என்று வேறு காரணங்களும் உண்டு, தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கினால் பலரும் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுகிறார்கள். அது விடியும்வரை காத்திருக்கிற விஷயமில்லை. அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

நாட்டுநாய் நேசன்:
நாயை மறந்துவிட்டீர்களே! 20 கிலோ நாய்க்குத் தினமும் ஒரு லிட்டர் வேண்டும், வெயிலில் இன்னும் கூடுதல். உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதிலேயே ஈரம் போய்விடும். சாப்பாட்டில் என்ன சேர்த்தாலும் கிண்ணத்துத் தண்ணீர்தான் முக்கியம், நிழலில் இரண்டு இடத்தில் வையுங்கள். உப்பில்லாத கோழி வேகவைத்த தண்ணீரைத் தீவனத்தில் ஊற்றலாம். குழம்பு, ரசம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

திண்ணைவாசி:
நாய் விஷயத்தில் நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள். பூனைக்குப் பால் ஊற்றினால் முடிந்தது. காலங்காலமாக அதைத்தானே செய்கிறோம்?

சாம்பல்வால்:
வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதியானால் இருக்கிற ஈரமும் போகும்.

மாடிவீட்டுக்காரர்:
பவுச் தினமும் வாங்க முடியாது. ட்ரை ஃபுட்டையே ஊறவைத்தால்?

சாம்பல்வால்:
தாராளமாக. முதலில் ஒரு ஸ்பூன் வெந்நீர் தெளித்துப் பழக்குங்கள், திடீரென்று கூழாக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நம் வெயிலில் ஊறியது சீக்கிரம் புளித்துவிடும், ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். 80 கிராம் பவுச்சில் அறுபது மில்லி தண்ணீர் இருக்கிறது. பாதி கொடுத்து, அதில் இன்னும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கலந்தாலும் லாபம்தான். தண்ணீர்க் கிண்ணத்தை மணல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் தள்ளி வையுங்கள்.

திண்ணைவாசி:
வெந்நீர் தெளிப்பதற்குக் காசில்லை, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மத்தி மீனை உப்பில்லாமல் வேகவைத்த தண்ணீரை ஊற்றினால் பவுச்சை விட ஆசையாக நக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சாம்பல்வால்:
அந்தப் பந்தயத்தில் நான் தோற்றுவிடுவேன். ஆனால் தண்ணீரோடு நிறுத்துங்கள். தினமும் வெறும் மீன் மட்டும் போட்டால் சத்துக் குறைபாடு வரும், அதற்குத் தனித் திரி தொடங்க வேண்டியிருக்கும்.