மார்த்தாண்டத்தில் தொழில், துபாயில் ரிமோட் விசா: உதயம் சர்டிபிகேட் போதுமா?

தேன்கடை_மார்த்தாண்டம்: ஆன்லைனில் தேன் விற்கிறேன், ப்ரொப்ரைட்டர் நான்தான். துபாயின் ஒரு வருட ரிமோட் வொர்க் விசாவுக்கு தொழில் உரிமையாளராக விண்ணப்பிக்கப் போகிறேன். கேட்பது: ஒரு வருடமாவது தொழில் என் பேரில் இருந்ததற்கு ஆதாரம், மாதம் சராசரி 3,500 டாலர் வருமானம், பேங்க் ஸ்டேட்மென்ட், அங்கே செல்லுபடியாகும் ஹெல்த் இன்சூரன்ஸ், பாஸ்போர்ட். உதயமும் (சிறு தொழில் பதிவுச் சான்று), மாதம் ஐந்து லட்சம் வரவு காட்டும் கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட்டும் போதாதா?

தக்கலை_அண்ணன்: தாராளமா போதும் மக்கா. மாசம் அஞ்சு லட்சம் வரவு இருக்குன்னா 3,500 டாலர் தாண்டியாச்சு. கேக்காத பேப்பரை எதுக்கு வலியப் போய் நீட்டணும்?

வடசேரி_டாக்ஸ்: அண்ணே, வரவு வேற, வருமானம் வேற. மாசி, பங்குனியில ரப்பர் தேன் எடுக்கும்போது தேனீ வளக்கிறவங்களுக்குக் குடுத்த பணம், பாட்டில், கூரியர் எல்லாம் அதே ஸ்டேட்மென்ட்ல பற்றா நிக்கும். பாக்கிறவங்க கண்ணுக்கு அதுவும் படும். உதயம் நாமளே சொல்லி இலவசமா எடுக்கிறது. ஜிஎஸ்டி சர்டிபிகேட்ல ப்ரொப்ரைட்டர் பேரும் கடைப் பேரும் பதிவுத் தேதியும் சேந்து இருக்கும். அதை முன்னால வைங்க.

தக்கலை_அண்ணன்: ஜிஎஸ்டி சரி, ஒத்துக்கிடுதேன். ஐடிஆர், அதான் வருமான வரிக் கணக்கு, அது மட்டும் வேண்டாம். லிஸ்ட்லயே இல்லல்லா!

வடசேரி_டாக்ஸ்: லிஸ்ட்ல இல்லைதான். ஆனா சந்தேகம் வந்து வருமானச் சான்று கேட்டா ஆடிட்டர் எதை வச்சு எழுதுவார்? நம்ம ஊர்ல பாதிப் பேர் ஐடிஆரை 44ஏடி-ல, அதாவது விற்பனையில இத்தனை சதவீதம் லாபம்னு காட்டுற முறையில, ஆறு சதவீதம் காட்டி முடிச்சிருவாங்க. 60 லட்சம் விற்பனைக்கு 3.6 லட்சம் லாபம். 3,500 டாலர்னா வருசத்துக்கு 42,000 டாலர், 35 லட்சத்துக்கும் மேல. ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஆறு சதவீதம்ங்கிறது குறைஞ்ச அளவு. அதுக்கு மேல சம்பாதிச்சா அதைத்தான் காட்டணும்.

குளச்சல்_ஐடி: பிரைவேட் லிமிடெட் வச்சிருக்கிற என்னை மாதிரி ஆட்களுக்கும் இதே பாடுதான். கம்பெனி அக்கவுண்ட்ல கிடக்கிறது கம்பெனி பணம். சம்பளமாவோ டிவிடெண்டாவோ நம்ம சொந்த அக்கவுண்டுக்கு வந்தாத்தான் நம்ம வருமானம்.

தக்கலை_அண்ணன்: இப்படிப் பயங்காட்டினா நம்ம பயலுவ ஒருத்தனும் விண்ணப்பமே போட மாட்டான். போட்டுப் பாக்கட்டும்.

வடசேரி_டாக்ஸ்: போடட்டும் அண்ணே, கணக்கைப் பாத்துட்டுப் போடட்டும். இல்லன்னா கட்டின பீஸும் இன்சூரன்ஸ் பணமும் வீணா போயிரும். தம்பி, செலவெல்லாம் போக மாசம் எவ்வளவு நிக்குது?

தேன்கடை_மார்த்தாண்டம்: ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்காது அண்ணா. கேட்பதில் பாதிதான். இந்த வருடம் விண்ணப்பம் போடவில்லை. ஜிஎஸ்டி பேப்பரை மட்டும் எடுத்து வைக்கிறேன்.