இறுக்கி மூடிய பெட்டிக்குள்ளும் வில்லுக்கத்திகள் துருப்பிடிக்கின்றன. எங்கே பிழை விடுகிறேன்?

வாவிக்கரை (கல்லடி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். விபரம் இல்லாமல் கேட்டால் "கடல் காற்று" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவீர்கள்.

நாலு வருடமாக மடக்குக் கத்தி சேர்க்கிறேன். விலை கூடியது ஒன்றும் இல்லை, மொத்தம் ஒன்பது. பாரிசில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த, மரப்பிடி போட்ட பிரெஞ்சுக் கத்தி ஒபினெல் எட்டாம் இலக்கம் இரண்டு, அதே மச்சான் தந்த டூக்-டூக் ஒன்று. ஜெர்மனியில் இருந்து பெரியம்மாவின் மகன் கொண்டுவந்த, பிடியில் பூனை பாயும் மெர்கேட்டர் ஒன்று. பழைய இரும்புக் கடையில் ஒன்று 300 ரூபாப்படி எடுத்த எலும்புப் பிடி ஷெஃபீல்ட் பேனாக்கத்திகள் மூன்று. தம்பிலுவில் பக்கம் ஒரு பட்டறையில் செய்வித்தது ஒன்று. கடைசியாக அம்மப்பாவின் மஞ்சள் பிடி வில்லுக்கத்தி. அதை மாமி போன புரட்டாதியில்தான் தந்தா.

முதலில் எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அலுமாரிக்கு மேல் கிடந்தன. அங்கங்கே ஒரு புள்ளி துரு வரும், துடைத்தால் போய்விடும். மாரி தொடங்க முதல் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். இறப்பர் விளிம்பு வைத்த, இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, சிலிக்கா ஜெல் பைகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் பூசி அடுக்கி வைத்தேன். பொங்கலுக்குத் திறந்து பார்த்தால் வயிறு எரிந்தது. சப்பாத்துப் பெட்டியில் மூன்று வருடத்தில் வராத துரு மூன்று மாதத்தில் வந்திருக்கிறது. ஒரு ஷெஃபீல்ட் கத்தியை விரிக்கவே முடியவில்லை.

என்ன செய்யலாம்?


கோட்டமுனைச் சந்தி

தம்பி, கல்லடியில் இருந்துகொண்டு துரு ஏன் வருகிறது என்று கேட்கிறீர்களே! ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. என் மோட்டார் சைக்கிளின் சில்லுக் கம்பியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். சொல்ல வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் அது கடல் காற்றுத்தான். பெட்டியை மூடும்போது உள்ளே இருந்த ஈரமும் சேர்ந்து அடைபட்டிருக்கும்.


பட்டறைப் பொடியன்

அண்ணன், தேங்காய் எண்ணெயை முதலில் விடுங்கள். தலைக்கு நல்லது, கத்திக்கு இல்லை. நாள் போனால் சிக்கெடுக்கும். மடிப்பு ஆணியைச் சுற்றித் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டும், பிடிக்கு உட்புறம் இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பும் கட்டும். தையல் மெசின் ஒயில் ஒரு சொட்டுப் போதும்.

விரிக்க முடியாத கத்தியை நகத்தாலோ குறட்டாலோ இழுக்க வேண்டாம். அலகு முறியும், இல்லாவிட்டால் முதுகு வில் வெடிக்கும். மண்ணெண்ணெய்க்குள் இரண்டு நாள் முழுதாகப் போட்டு வையுங்கள். பிறகு அலகில் துணியைச் சுற்றிப் பிடித்து ஒரு மயிரளவு திறந்து மூடி, திறந்து மூடி வர வேண்டும். கறுப்புச் சேறு மாதிரி வெளியே வரும். அது நின்ற பிறகுதான் முழுதாக விரிக்க வேண்டும்.

சிலிக்கா ஜெல்லுக்கும் ஆயுள் உண்டு. நீல மணி இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். மணியைப் பையில் இருந்து கொட்டி, சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப வேலை செய்யும்.


களுவாஞ்சிக்குடி – பாரிஸ்

இடையில் ஒரு விஷயம். மாரியில் ஒபினெல் திறக்காவிட்டால் அதைத் துரு என்று நினைக்காதீர்கள். பிடி பீச் மரம், ஈரம் குடித்துப் பொருமும். பூட்டு வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினால் அலகின் முதுகு தானாக வெளியே தலை நீட்டும். அது பிறந்த சவோய் மலைநாட்டில் அப்படித்தான் திறப்பார்கள். ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி, அந்த வளையம் வந்ததோ 1955இல்தான். அதுவரை பிடியின் இறுக்கம் மட்டுமே பூட்டு. பொருமல் பிடிக்காதவர்கள் கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் ஒயிலை மரத்துக்குக் கொடுக்கலாம்.

குறைந்த காசில் சேர்ப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இங்கே சுப்பர்மார்க்கெட்டிலேயே தொங்கும். விமானத்தில் வரும்போது கைப்பையில் வைக்க வேண்டாம் என்று உங்கள் மச்சானிடம் மட்டும் சொல்லுங்கள், பெரிய பெட்டிக்குள் போடட்டும்.


வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். தேங்காய் எண்ணெயை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்தேன். மெசின் ஒயில் போட்டேன். ஜெல்லை வறுத்தேன், அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. விரியாத கத்தி மூன்றாம் நாள் விரிந்தது. பொடியன், நீங்கள் சொன்ன அதே கறுப்புச் சேறு.

ஆனால் மூன்று கிழமை கழித்துப் பெட்டியைத் திறந்தால் திரும்பவும் துரு. ஜெல் இன்னும் நீலமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஈரம் இல்லை, இல்லையா?

இன்னொன்று. இரண்டாவது ஒபினெல் பெட்டியில் இல்லை. அடுப்படியில் அம்மா வெங்காயம் வெட்டுகிறா. அதுவும் கார்பன் உருக்குத்தான், கழுவி அப்படியே வைப்பா, எண்ணெயும் இல்லை. அலகு சாம்பல் நீலமாக மாறியிருக்கிறதே தவிர ஒரு பொட்டுச் சிவப்புத் துரு கிடையாது.


சாய்ந்தமருது பழசு

தம்பி, அந்தச் சாம்பல் நீலம் நல்லது, தேய்க்க வேண்டாம். கத்தி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டை அது.

எனக்கு ஒன்று சொல்லுங்கள். பெட்டிக்குள் எந்தக் கத்தி எதற்குப் பக்கத்தில் கிடந்தது? துரு எல்லாவற்றிலும் ஒரே அளவா? பழைய சாமான் வாங்கி விற்ற காலத்தில் நான் படித்தது இதைத்தான்: சாமானைப் பார்க்க முதல் அது கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.


வாவிக்கரை

நல்ல கேள்வி நானா. நேற்று ராத்திரி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே அளவு இல்லை. அம்மப்பாவின் கத்திக்கு இரண்டு பக்கமும் கிடந்த ஷெஃபீல்ட் கத்திகள்தான் மோசம். அவற்றின் பித்தளைத் தகட்டு ஓரம் பச்சையாகப் பூத்திருக்கிறது. டூக்-டூக்கில் அம்மப்பா கத்தியைப் பார்த்த பக்கம் மட்டும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. தூர மூலையில் கிடந்த மெர்கேட்டருக்கு அவ்வளவாக இல்லை.

அம்மப்பாவின் கத்தியே பாவம். அலகில் பிடியை ஒட்டிய பகுதி முழுக்கக் குழி விழுந்திருக்கிறது. மஞ்சள் பிடியில் நூல் மாதிரி வெடிப்புகள், ஆணிகளைச் சுற்றிப் பிடி சுருங்கியிருக்கிறது. அவர் கல்லோயாத் திட்டத்தில் வேலை செய்தவர். இங்கினியாகல அணைக்கட்டை அமெரிக்கக் கம்பனி கட்டிய நாட்களில், 1950 வாக்கில், அங்கே ஓர் ஓவசியர் கொடுத்தாராம். அலகின் அடியில் யு.எஸ்.ஏ. என்பது மட்டும் தெரிகிறது, செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது.

வேறொன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தபோது அம்மா "ஆரு கற்பூரம் வைத்தது?" என்று கேட்டா. நான் வைக்கவில்லை.


ஓய்வுபெற்ற ரசாயனம் (அக்கரைப்பற்று)

தம்பி, கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருந்தால் இத்தனை நாள் போயிருக்காது.

அந்த மஞ்சள் பிடி செலுலோயிட் என்று நினைக்கிறேன். பருத்தி நாரை நைத்திரிக் அமிலத்தில் பதப்படுத்தி, கற்பூரம் சேர்த்துப் பிசைந்து செய்கிற பொருள். 1870 வாக்கில் அமெரிக்காவில் வந்தது. பிறகு சீப்பு, பேனா, சினிமாப் படச்சுருள், கத்திப்பிடி என்று எல்லாம் அதில்தான். மேசைப்பந்து கூட 2014 வரை அதுவே. கற்பூர வாசம் பிடிக்கு உள்ளே இருந்துதான் வருகிறது.

வயது போனால் சில பிடிகள் உடையத் தொடங்கும். எல்லாம் அப்படி ஆகாது, சில நூறு வயதிலும் கல் மாதிரி இருக்கும். உடையும்போது நைத்திரசன் ஒட்சைட்டு வாயுக்கள் வெளிவரும். அவை காற்றில் உள்ள சொற்ப ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். இரும்பைத் துருவாக்கும், பித்தளையைப் பச்சையாக்கும். அதைவிடப் பொல்லாத குணம் ஒன்றும் உண்டு. வெளியேறிய வாயு அங்கேயே தங்கினால் பிடி இன்னும் வேகமாக உடையும். சப்பாத்துப் பெட்டியில் என்றால் அது வெளியே போயிருக்கும். நீங்கள் இறப்பர் விளிம்பு போட்டு அடைத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆனால் புரட்டாதியில் கத்தியும் வந்தது, அடுத்த மாதம் பெட்டியும் வந்தது. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது குற்றவாளி என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு ஜாம் போத்தல் எடுங்கள். இரண்டு புது இரும்பாணியை நன்றாகத் தேய்த்து, சவர்க்காரத்தால் கழுவிக் காயவைத்து, போத்தலுக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரு போத்தலில் அம்மப்பாவின் கத்தியும் இருக்கட்டும், ஆணியைத் தொடக் கூடாது. இரண்டையும் மூடி ஒரே தட்டில் வையுங்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் தெரிந்தவர் இருந்தால் அமிலம் பட்டால் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாள் ஒரு துண்டு வாங்கி, நனைத்து மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள்.


கோட்டமுனைச் சந்தி

செலுலோயிட்டா என்று பார்க்க எளிய வழி இருக்கிறதே. ஊசியைச் சூடாக்கிப் பிடியில் ஒரு ஓரத்தில் குத்தினால் வாசத்தில் தெரியும்.


ஓய்வுபெற்ற ரசாயனம் (அக்கரைப்பற்று)

குத்தவே வேண்டாம்! பழைய படச்சுருள் எரிந்து தியேட்டர்கள் சாம்பலானது இதே பொருளால். பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தாலே போதும். நெருப்பு, வெயில், அரைக்கும் மெசின் எதுவும் அதற்குக் கிட்டவே வரக் கூடாது.


கோட்டமுனைச் சந்தி

சரி சேர், வாபஸ்.


வாவிக்கரை

ஒன்பதாம் நாள். கத்தி இருந்த போத்தலின் ஆணி, தலையில் இருந்து நுனிவரை தேநீர் நிறம். மற்றப் போத்தலின் ஆணி போட்டது போலவே மினுங்குகிறது. பாசிச்சாயத்தாள் அடுத்த நாளே சிவந்துவிட்டது, ஆணிக்காகத்தான் காத்திருந்தேன். தேய்த்தும் பார்த்தேன், கோயில் வாசம்தான்.

ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம், ஒன்பது கத்தியில் அம்மப்பாவுடையது ஒன்றுதான் நான் காசு கொடுத்து வாங்க முடியாதது. அதுதான் மற்றதை எல்லாம் தின்றிருக்கிறது.

இனி?


சாய்ந்தமருது பழசு

முதலில் மற்ற எட்டையும் காப்பாற்றுங்கள். அந்தப் பெட்டியைக் கத்திக்குப் பாவிக்க வேண்டாம், சவர்க்காரம் போட்டுக் கழுவி அம்மாவிடம் கொடுங்கள். அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்து, பழைய பல்துலக்கியால் அலகு, தகடு, மடிப்பு எல்லா இடமும் தேய்த்துக் கழுவினால் மிச்ச அமிலம் செத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒயில் போடுங்கள். அரத்தாள் வேண்டாம். அலகின் அடியில் உள்ள எழுத்துப் போனால் கத்தி அநாதை.

அப்புறம் ஒரு ஆசை. வெளிநாட்டுக் கத்தி இவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள், ஒரு மடக்கெழுத்தாணியைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் ஏட்டின் ஓரம் வாருகிற கத்தி, மறுபக்கம் எழுத்தாணி, இரண்டும் ஒரு பிடிக்குள் மடங்கும். பழைய வைத்தியர் வீடுகளில் ஏட்டுக் கட்டோடு கிடக்கும். எனக்கு ஒருமுறை கை தவறிப் போனது, இன்னும் நினைவில் இருக்கிறது.


பட்டறைப் பொடியன்

அண்ணன், பிடியை மாற்றலாம். ஆணித் தலையைக் கையரத்தால் தண்ணீர் விட்டு விட்டு மெல்ல ராவி, பின்பக்கம் இருந்து தட்டினால் பிடி கழன்று வரும். தூளை உலரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே விழ விடுங்கள். புதுப் பிடிக்கு எருமைக்கொம்பு நன்றாக நிற்கும், கருங்காலி அதைவிட நல்லது. புது மரம் தேடி அலைய வேண்டாம், வீட்டில் முறிந்த உலக்கை இருந்தால் அதில் ஒரு சாண் போதும். பித்தளைக் கம்பியை ஆணியாக இறக்கி, தலையைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி விரிக்க வேண்டும். ஓங்கி ஒரே அடி கூடாது, மரம் பிளக்கும்.


களுவாஞ்சிக்குடி – பாரிஸ்

நான் என்றால் கழற்ற மாட்டேன். பிடி மாற்றினால் அது அவர் வைத்திருந்த கத்தி இல்லை. துணியில் சுற்றாமல், மூடாமல், வெயில் படாத காற்றோட்டமான தட்டில் தனியாக வையுங்கள். உடைவது நிற்காது, மெதுவாகும்.


பட்டறைப் பொடியன்

மெதுவாகும், சரி. ஆனால் அலகையும் தின்று முடித்தபிறகு எதை வைத்துக்கொண்டு இருப்பது? அம்மப்பா வெட்டியது அலகால், பிடியால் இல்லை.


வாவிக்கரை

இரண்டு பேர் சொன்னதையும் மாமியிடம் சொன்னேன். அவ கேட்ட முதல் கேள்வி: "அதை ஏன் மனே பெட்டிக்குள் வைத்தாய்? அவர் ஒருநாளும் மூடி வைத்ததில்லையே." பகலில் மடியில் வெற்றிலையோடு இருக்குமாம். ராத்திரியில் கூரை வளையில் கட்டிய கயிற்றில் தொங்குமாம். செத்த பிறகும் அந்தக் கயிற்றிலேயே பதினைந்து வருடம் தொங்கியிருக்கிறது, பக்கத்தில் மாமியின் பாக்குவெட்டி. பாக்குவெட்டியைப் போய்ப் பார்த்தேன். துருவே இல்லை.

இப்போதைக்குப் பிடியைக் கழற்றவில்லை. அலகையும் தகட்டையும் அப்பச்சோடாவால் கழுவி, ஒயில் போட்டு, மாமி வீட்டு வளையில் திரும்பவும் கட்டிவிட்டேன். அடுப்பு அந்தப் பக்கம் இல்லை, ஓடு போட்ட வீடு, வெயிலும் விழாது. வெடிப்பு கூடினால் பொடியனிடம் கொண்டு வருகிறேன். உலக்கை மாமியிடம் இருக்கிறது, ஆனால் இன்னும் முறியவில்லை.


பட்டறைப் பொடியன்

கொண்டு வரும்போது பாக்குவெட்டியையும் கொண்டு வாங்க அண்ணன், கூர் போட்டுத் தருகிறேன்.