எஃப்எஸ்பி 400-ல் 4:5 டிவைடர் போட்டால் மட்டும் மெமரி எரர்

கோர் 2 குவாட் க்யூ6600, பி45 சிப்செட் போர்டு, 2 ஜிபி ஸ்டிக் இரண்டு. ரேமின் ரேட்டிங் டிடிஆர்2-1066, 5-5-5-15, 2.1 வோல்ட். எஃப்எஸ்பி (சிபியுவையும் நார்த்பிரிட்ஜையும் இணைக்கும் பஸ்ஸின் வேகம்) 400, டிவைடர் (எஃப்எஸ்பிக்கும் ரேம் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 1:1 வைத்தால், டிடிஆர் என்பதால் இரட்டித்து ரேம் 800-ல் ஓடும். மாதக்கணக்கில் அப்படித்தான் ஓடியது, இரவு முழுக்க மெம்டெஸ்ட் விட்டாலும் எரர் இல்லை. 4:5-க்கு மாற்றி 1000 ஆக்கியதும், முதல் சுற்று முடிவதற்குள் 5-ஆம் டெஸ்டில் சிவப்பு வரிகள் கொட்டுகின்றன. ஒரே முகவரியில் அல்ல, அங்கங்கே சிதறி வருகின்றன.

ரேம் தாங்கவில்லை என்று சொல்ல முடியாது. எஃப்எஸ்பி 333, டிவைடர் 2:3 வைத்தாலும் அதே 1000தான், அது சுத்தமாக ஓடுகிறது! சிபியு மேலும் சந்தேகம் இல்லை: மல்டிபிளையரை 6-க்கு இறக்கி 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தும் அதே எரர். டைமிங்கை 6-6-6-18 வரை தளர்த்தியாச்சு, ரேமுக்கு முழு 2.1 வோல்ட், நார்த்பிரிட்ஜுக்கு (ரேமைக் கட்டுப்படுத்தும் சிப்செட் சிப்) 1.26 வோல்ட் வரை கொடுத்தாச்சு, ஸ்டிக்கைத் தனித்தனியாகப் போட்டும் பார்த்தாச்சு.

இந்த போர்டில் 4:5, 2:3 இரண்டுமே 266 ஸ்ட்ராப்பில் (ஸ்ட்ராப் என்பது எந்த எஃப்எஸ்பிக்கு ஏற்ற உள் டைமிங்கில் நார்த்பிரிட்ஜ் ஓட வேண்டும் என்ற செட்டிங்) வருபவை. அந்த ஸ்ட்ராப்பின் உள் டைமிங் இறுக்கமானது. 333 வரை தாங்கும் நார்த்பிரிட்ஜ் 400-ல் திணறுகிறது என்பது என் கணிப்பு. டிஆர்டி, அதாவது பெர்ஃபார்மன்ஸ் லெவல் (ரேமைப் படிக்கும்போது நார்த்பிரிட்ஜ் எடுக்கும் தாமதம்), ஆட்டோவில் 8 காட்டுகிறது.

எஃப்எஸ்பி 400-ஐ விடாமல் ரேம் நிலையாக ஓட, 266 ஸ்ட்ராப்பிலேயே டிஆர்டியை 10-க்கு ஏற்றுவதா, 333 ஸ்ட்ராப்பின் 5:6-க்கு மாறி 960-ல் நிறுத்துவதா, எது சரி?