“அவன் என்ன சொல்லுறான்?” – காது கேளாதவர் வீட்டில் போன் அடித்தால்

வட்டக்கச்சிப் பிள்ளை:

ஞாயிறு இரவு எட்டரைக்கு எங்கள் வீட்டில் போன் அடிக்கும். ரொறன்ரோவில் அப்போது முற்பகல். அண்ணாவுக்கு லீவு நாள். போனை எடுப்பது நான். அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் இரண்டு காதும் 2009 மாசியில் போயின. யுத்தத்தில், சுதந்திரபுரத்தில் பங்கர் வாசலுக்குப் பக்கத்தில் விழுந்த செல் குண்டு. கிழிந்த செவிப்பறை பிறகு மூடிவிட்டது. ஆனால் உட்காதில், நத்தை ஓடு மாதிரி இருக்கும் பகுதிக்குள், நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. அவை செத்தால் திரும்ப முளைக்காது என்று டொக்டர் சொன்னார். இப்போது காதுக்கு மெசின் போட்டிருக்கிறார். முகத்துக்கு நேரே கதைத்தால் பாதிக்கு மேல் பிடித்துவிடுவார். போன் மட்டும் சரிவராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணா பத்து நிமிடம் கதைப்பான். “அவன் என்ன சொல்லுறான்?” என்று அப்பா கேட்பார். நான் சத்தமாக ஒரு சொல் சொல்லுவேன்: “சுகமாம்.”

“இவ்வளவு நேரமும் சுகமாம் எண்டோ சொன்னவன்?”

அண்ணாவுக்கு வேலை போய் மூன்று மாதம் வீட்டில் இருந்தபோதும் நான் சுகமாம் என்றுதான் சொன்னேன். அவன்தான் சொல்ல வேண்டாம் என்றான். பின்வளவுக் காணியைப் பற்றி அப்பா அவனிடம் கேட்கச் சொன்ன கேள்வியையும் நான் பாதியாக வெட்டித்தான் கேட்டேன். கடிதத்தைப் பிரித்து வாசித்து, வேண்டாததைக் கிழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் தபால்காரி மாதிரி எத்தனையோ வருடம் இருந்துவிட்டேன். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. களைப்பு. ஒரு சொல்லை மூன்று தரம் கத்திச் சொன்னால் நாலாவது சொல் தானாகவே சுருங்கிவிடும்.

போன மாதம் அண்ணா ஒரு விஷயம் சொன்னான். அமெரிக்காவில் மறுபக்கம் கதைப்பதை எழுத்தாகக் காட்டுகிற வீட்டுப் போன் இருக்கிறதாம். யாராவது கண்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கம் வழி ஏதும் உண்டா?

முள்ளியவளை மருமகள்:

கண்டேன் தங்கச்சி. நியூ ஜெர்சியில் என் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாலு வருடம் இருந்தது.

மாமா ஊரில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். போன் பார்வைக்குச் சாதாரண மேசைப் போன்தான், பெரிய பொத்தான்கள், மேலே சிலேட்டுப் பலகையைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு திரை. நாங்கள் முதலில் பிழையாக விளங்கியது ஒன்று உண்டு. எழுத்து வந்தால் குரல் வராது என்று நினைத்தோம். அப்படியில்லை. மறுபக்கத்துக் குரல் ரிசீவரில் வழமைபோல் கேட்கும், மாமாவும் தன் வாயால்தான் பதில் சொல்லுவார். மறுபக்கம் சொன்னது மட்டும் இரண்டு மூன்று விநாடி பிந்தித் திரையில் ஓடும். பாதியைக் காதால் பிடித்து, விட்டுப்போனதைக் கண்ணால் பொறுக்கிக்கொள்வார்.

எழுத்து போனுக்குள் பிறப்பதில்லை. குரல் இணையம் வழியாக ஒரு சேவை நிலையத்துக்கும் போகிறது. முன்பு அங்கே ஒருவர் ஹெட்போனில் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுவார். அவருடைய குரலுக்குப் பழக்கிய கணினி அதை எழுத்தாக்கும். கதைப்பவர்கள் இரண்டு பேருக்கும் அவருடைய குரல் கேட்காது. இப்போது பல இடங்களில் அந்த ஆளும் இல்லை, முழுக்கக் கணினிதான்.

மாமா இதற்குக் காசு கட்டவில்லை. 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தொலைபேசிச் சேவை இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. எழுத்துப் போனை அதற்குள் 2003இல் சேர்த்தார்கள், இணையத்தில் ஓடுவதை 2007இல். தொலைத்தொடர்புக் கம்பனிகள் கட்டும் ஒரு பொது நிதியிலிருந்து நிமிடக் கணக்கில் செலவு போகிறது. அதனால்தான் காது நன்றாகக் கேட்பவர்கள் எழுத்தை ஓடவிட்டுப் பாவிப்பது அங்கே சட்டப்படி தடை. போனிலேயே எழுதி ஒட்டியிருக்கும். என் மகன் ஒருநாள் வேடிக்கை பார்க்கக் கை வைத்தான். மாமா பிரம்பில்லாமலேயே வாத்தியாராகிவிட்டார்.

இனித்தான் சங்கடம். எழுத்து வருவது ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும். ஊரிலிருந்து மாமி, அவருடைய தங்கச்சி, எடுத்தால் “வேற்றுமொழி” என்று அடைப்புக்குள் ஒரு சொல் வந்து நிற்கும். அரைமணி நேரம் அழுதாலும் சிரித்தாலும் அதே ஒரு சொல்.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். மாமி உபதபாலகத்தில் வேலை செய்தவர், தந்திக்குச் சொல் எண்ணிக் காசு வாங்கிய ஆள், ஆங்கிலம் தெரியும். எழுபது வயதுக்கு மேல் அண்ணனும் தங்கச்சியும் முதன்முதலாக ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மாமியின் ஆங்கிலம் தந்தியாகவே வந்தது: “ஹார்வெஸ்ட் குட். ரெயின் லேட். ரூஃப் லீக்கிங். டோன்ட் வொரி.” மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “ரெயின் *வாஸ்* லேட்” என்று திருத்துவார். அதற்கு மாமி தமிழில் ஏசுவார். திரையில் “வேற்றுமொழி” என்று வரும்.

முள்ளியவளை என்று சொன்னால் அது “மொலி வெலி” என்று எழுதும். பிறகு எங்கள் வீட்டில் ஊருக்கே அந்தப் பெயர்தான்.

மருந்துக்கடையிலிருந்து எடுத்தால் வேறு விதம். சொன்னதைச் சேமித்து வைத்து, எத்தனை மில்லிகிராம் என்று மறுநாளும் வாசித்துப் பார்ப்பார், என்னைக் கேட்க மாட்டார். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் தாய்க்கும் காது கேளாது, மனைவிக்கும் கேளாது என்று அடிக்கடி சொல்லுவார். “வீட்டிலை இரண்டு பேருக்கும் உதவாத சாமானைச் செய்து வைச்சிருக்கிறான் மனிசன்.”

மாமா போன பிறகு அந்தப் போனை எடுத்து வைத்துவிட்டோம்.

புதுக்குடியிருப்பு போன்கடைத் தம்பி:

அக்கா, அந்தப் போனை அங்கிருந்து அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். மேலே அக்கா சொன்னதுதான், எழுத்து வருவது சேவையிலிருந்து. பெட்டியை மட்டும் கொண்டுவந்தால் அது பெட்டிதான். ஒரு ஐயா வெளிநாட்டிலிருந்து வந்த ஒன்றைத் துவாயால் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவருக்குச் செய்து கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு போன் வேண்டும். ஒன்றில் அழைப்பு, ஸ்பீக்கரில். மற்றதில் கூகிளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி. 2019இல் வந்தது, இலவசம், தமிழ் எழுதும். ஒரே போனில் இரண்டையும் ஓடவிட முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அழைப்பு நடக்கும்போது மைக் அழைப்புக்குப் போய்விடும், செயலிக்குக் கிடைக்காது. அதனால் வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டைத் தேடுங்கள். கண்ணாடி வெடித்திருந்தாலும் பரவாயில்லை, மைக் நல்லதாக இருந்தால் காணும். டேட்டாவை மற்றப் போனிலிருந்து ஹொட்ஸ்பொட்டில் எடுக்கலாம்.

ஸ்பீக்கர் ஓட்டையும் மைக் ஓட்டையும் நேருக்கு நேர், ஒரு சாண் தூரம். மேசைக்கு மேல் துவாய் ஒன்றை மடித்துப் போட்டால் அதிர்வு குறையும். ஃபானை நிற்பாட்டுங்கள். செயலியில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் சோறும் கறியும் குழைந்தது மாதிரி வரும். கோயில் ஸ்பீக்கர் பாடும் நேரம் வேண்டவே வேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் அன்று ஒருவருடைய திரையில் பாதி மருமகன், பாதி அம்மன் பாட்டு.

அதற்கு எங்கள் பேச்சு அவ்வளவாகப் பிடிபடாது. எழுத்துத் தமிழும் இந்தியத் தமிழும் ஓரளவு நன்றாக வரும், எங்கள் “எண்டு”, “கிடக்கு” எல்லாம் சந்தியில் நின்று முழிக்கும். நான் சொன்ன ஐயாவின் பேரன் கொழும்பிலிருந்து எடுத்து “நாளைக்கு வாறன்” என்றிருக்கிறான். திரையில் “நாளைக்கு வரன்”. பேத்திக்கு மாப்பிள்ளை வருகிறது என்று அந்த வீட்டில் பின்னேரமே முற்றம் பெருக்கி, கடைக்கு ஆள் அனுப்பி, பலகாரத்துக்குப் பருப்பும் ஊறப்போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் பேரன் வந்து வடையைச் சாப்பிட்டான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். காசுத் தொகை, வங்கி இலக்கம், மருந்து அளவு இவற்றைத் திரையை நம்பி எழுதாதீர்கள், குறுஞ்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள். மற்றது, இது எழுதப்படுகிறது என்று மறுபக்கத்து ஆளுக்கும் சொல்லிவிடுங்கள். அது மரியாதை.

லாண்ட்மாஸ்டர்:

என் காது செல் குண்டில் போகவில்லை. இருபது வருடம் லாண்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசின், பிடித்ததில் போனது. அதனால் எவரும் பாவம் பார்ப்பதில்லை, “செவிடன்” என்று சிரிப்பார்கள்.

போனில் எனக்கு ஒரு மருந்து இருந்தது. “ஓம்.” என்ன சொன்னாலும் ஓம். ஓம் போட்டால் ஆள் சந்தோசமாகப் போனை வைத்துவிடும், என் மானமும் தப்பும். ஒரு மாரிக்கு முரசுமோட்டையில் ஒருவர் உழவுக்குக் கேட்டார், ஓம். கண்டாவளையில் ஒருவர் கேட்டார், ஓம். இரண்டு பேரும் கேட்டது ஒரே சனிக்கிழமை. எனக்குத் தெரிந்தது, யாரோ எதற்கோ எப்போதோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும். அன்று நான் மூன்றாவது இடத்தில் உழுதுகொண்டிருந்தேன். ஈரம் காய்ந்தால் வயல்காரன் எப்படி ஏசுவான் என்று இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அதுவும் எனக்கு அரைவாசிதான் கேட்டது.

கிளினிக்கில் ஒரு பிள்ளை படம் கீறிக் காட்டி விளங்கப்படுத்தியது. எஞ்சின் சத்தம் முதலில் சாப்பிடுவது கீச்சென்ற மேல் ஒலிகளை. ச, த மாதிரி எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. பழைய தொலைபேசிமுறை 300இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கடத்தும், ஆகவே மிச்சமிருப்பதிலும் மேல் நுனியை அது வெட்டிவிடும். நேரில் என்றால் வாய் அசைவைப் பார்த்துச் சமாளிக்கலாம், போனில் வாயும் இல்லை. சனி, பனி, தனி எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

தம்பி சொன்ன இரண்டு போன் முறையை மகள் செய்து தந்தாள். எழுத்து பிந்தும். நான் வாசித்து முடிக்கும் வரைக்கும் மறுபக்கத்துக்குப் பொறுமை இருக்காது, “ஹலோ, ஹலோ” என்று கத்துவார்கள். திரை முழுக்க ஹலோ. கடைசியில் எடுத்த உடனேயே சொல்லப் பழகினேன்: “எனக்குக் காது மந்தம். வாசிச்சுப்போட்டுத்தான் பதில் சொல்லுவன், பொறுங்கோ.” அறுபது வயதில் முதல்முறை இதை வாயால் சொன்னேன். மறுபக்கத்தில் இருந்தவர் உரக்கடை முதலாளி. “எனக்கும் ஒரு காது கேளாது அண்ணை” என்று திரையில் வந்தது.

கைமொழி:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். மேலே எழுதியவை எல்லாம் கதைக்கவும் வாசிக்கவும் பழகிய பிறகு காது போனவர்களுக்கு. என் அக்கா பிறவியிலேயே கேளாதவர், கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்தவர். அவருக்கு முதல் மொழி கைதான். திரையில் ஓடும் தமிழ் அவருக்கு வேகமாக ஓடும் வேற்றுமொழி மாதிரி. அவருக்கு வீடியோ அழைப்புதான் போன். சிக்னல் நல்லதாக இருந்தால் கூட்டாளிமாரோடு இரவு பன்னிரண்டு வரைக்கும் கதைப்பார். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் கை அந்தரத்தில் நிற்கும். எங்கள் வீட்டில் கூரைக்கு மேல் ஏறி ரவுட்டரைத் திருப்புவது என் வேலை.

வட்டக்கச்சிப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு. செய்து பார்த்தோம்.

மேசையில் துவாய் மடித்துப் போட்டேன். என் போன் உப்புப் போத்தலில் சாய்ந்து நின்றது, வீட்டில் கிடந்த பழைய போன் அப்பாவுக்கு நேரே. ஃபான் இல்லை, அப்பாவின் நெற்றியெல்லாம் வேர்வை. அண்ணாவுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தேன்: மெதுவாக, ஒரு வசனம் சொல்லிவிட்டு நில், பள்ளிக்கூடத் தமிழில் கதை.

முதல் வரி வந்தது: “அப்பா கேட்கிறதா.”

“கேக்கேல்லை. தெரியுது!” என்று அப்பா வீடு அதிரக் கத்தினார்.

ஐந்து நிமிடம் இரண்டு பேரும் சுகம் விசாரித்தார்கள். பிறகு அப்பா தானே காணிக் கதையை எடுத்தார். அண்ணா பள்ளிக்கூடத் தமிழை மறந்துவிட்டான். திரையில் பாதி விளங்காத சொற்கள், ஆனால் “என்னைக் கேட்காமல்” என்பது மட்டும் தெளிவாக மூன்று தரம் வந்தது. “உன்னைக் கேட்டனான், இவளிட்டைச் சொல்லி விட்டனான்” என்று அப்பா. நான் அந்தப் பழைய போனில் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவது போல் ஏதோ செய்துகொண்டிருந்தேன். கோபத்தில் அண்ணா தன் வேலை போன கதையையும் சொல்லிவிட்டான், மூன்று மாதம் என்பதையும். அப்பா வாசித்தார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். அங்கிருந்து கேட்டால் அப்பாவின் குரல் மட்டும்தான் கேட்கும். ஏசுகிறார், நிற்கிறார், வாசிக்கிறார், திரும்ப ஏசுகிறார். அம்மா இருந்தபோது வாசலில் நின்று இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள், அதே தாளம். முக்கால் மணி நேரம் போனது. பிறகு சத்தத்தைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். பழைய போனைக் கையில் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார், டேட்டா முடிந்துவிட்டது.

“ரீலோட் போடு பிள்ளை. கெதியாப் போடு. நான் அவனுக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கேல்லை.”