உருகிவரும் பனியாற்றை அம்மாவுக்கு எங்கே காட்டலாம்?

வெள்ளவத்தை வாசகி:
வரும் ஓகஸ்ட் மாதம் அம்மாவுடன் கொழும்பிலிருந்து சூரிச்சில் வசிக்கும் அக்காவிடம் செல்கிறேன். அம்மா நீண்ட காலம் புவியியல் ஆசிரியையாக இருந்தவர். கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டிய பனியாற்றை ஒருமுறையேனும் நேரில் பார்க்க விரும்புகிறார். 68 வயது, முழங்கால் வலியும் உண்டு. எந்த இடம் ஏற்றது? விமானத்தில் பறந்து சென்று உருகும் பனியைப் பார்வையிடுவது முறைதானா என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

ஃபூர்கா பயணி:
சகோதரி, ரோன் பனியாற்றுக்குச் செல்லுங்கள். கோடையில் மட்டும் திறந்திருக்கும் ஃபூர்கா கணவாய்ச் சாலையில், பெல்வெடேர் வளைவில் இறங்கினால் சிறிது தூரமே நடை. அங்குள்ள பனிக்குகையைச் சுற்றி உருகலைத் தணிக்க வெள்ளைத் துணிகளை விரித்து வந்திருக்கிறார்கள். நான் சென்றபோது துணி மூடிய இடம் மேடாக நிற்க, சுற்றியிருந்த பனி வெகுவாகத் தாழ்ந்திருந்தது. துணியால் காக்க முடிந்த பரப்பு எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதே பனி கீழே கிளெட்ச் பள்ளத்தாக்கு வரை இறங்கியிருந்தது.

மலைப்பாதை:
ஆசிரியைக்கு மோர்டெராட்ச் பனியாறே பொருத்தம் என்பேன். கிழக்கு சுவிஸிலுள்ள பொன்ட்ரெசினா ஊருக்கு அப்பால், மோர்டெராட்ச் ரயில் நிலையத்தில் இறங்கியதும் பாதை தொடங்குகிறது. பனியின் முகப்பு, அதாவது அதன் கீழ் நுனி, எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்பதை வழிநெடுகப் பலகைகள் காட்டுவதால், முழுத் தூரமும் நடக்காவிட்டாலும் பின்வாங்கலின் அளவு புலப்படும். முழங்கால் வலித்தால் எந்த இடத்திலும் திரும்பலாம். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் ஏறத்தாழ 10 சதவீதத்தை இழந்துவிட்டன. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: முகப்பின் அடியில் போய் நிற்காதீர்கள். 2022 ஜூலையில் இத்தாலியின் மர்மொலாடா மலையில் பனி இடிந்து விழுந்து 11 பேர் உயிரிழந்தனர்.

கொட்டாஞ்சேனை:
அக்காவைப் பார்க்க எப்படியும் செல்கிறீர்கள். அங்கிருந்து ரயிலில் போவதில் குற்றவுணர்வு வேண்டாம். ஹெலிகொப்டரில் சுற்றிக் காட்டும் பயணங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பனி அரைத்த பாறைத்தூள் கலந்து பால்போல ஓடும் நீரை அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:
அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்; மோர்டெராட்சையே தெரிவு செய்தார். தாம் கற்பிக்கத் தொடங்கிய 1981 ஆம் ஆண்டுக்கு அண்மையான பலகை வரை நடந்தால் போதுமாம். அதற்கு மேல் பனி எவ்வளவு விலகிப் போயிருக்கிறது என்பதை அங்கிருந்தே பார்த்துக்கொள்வாராம்.