புதுப்பிப்பு: நோக்கியாவை மைக்ரோசாஃப்ட் வாங்கினால் பங்கு என்ன ஆகும்?

நோக்கியாவை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போகிறது என்ற வதந்தியில் விலை ஏறி இறங்கியபோது, "வாங்கினால் பங்குதாரர் கைக்குப் பணம் வருமா?" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"விற்கப்போவது கம்பெனியையா, ஒரு பிரிவையா என்று முதலில் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரியாக வந்தது. 2013 செப்டம்பர் 3 அன்று வந்த அறிவிப்பின்படி போன் பிரிவுக்கு 379 கோடி யூரோ, காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு 165 கோடி. நெட்வொர்க் தொழிலும் வரைபடத் தொழிலும் காப்புரிமைகளும் நோக்கியாவிடமே தங்கிவிட்டன. ஆக, பங்கு எங்கும் போகவில்லை. பணம் கம்பெனிக்குப் போனது. அன்றே ஹெல்சின்கி பங்குச்சந்தையில் நோக்கியா பங்கின் விலை சுமார் மூன்றில் ஒரு பாகம் எகிறியது. வாங்கிய மைக்ரோசாஃப்டின் பங்குதான் சரிந்தது!

2014 ஏப்ரல் 25 அன்று போன் பிரிவு கைமாறியது. அப்புறம்தான் நம் கைக்கு ஏதோ வந்தது: ஒரு பங்குக்கு வழக்கமான ஈவுத்தொகை (டிவிடெண்ட்) 0.11 யூரோ, சிறப்பு ஈவுத்தொகை 0.26 யூரோ.

யாருமே எதிர்பார்க்காதது நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் போன் ஆலை விஷயம். வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் அது விற்பனையில் சேரவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாஃப்டுக்கே போன் தயாரித்துக் கொடுத்தார்கள். ஆர்டர் நின்றதும் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

"மைக்ரோசாஃப்டுக்கு இது லாபமா?" என்று கேட்டவருக்கு: 2015 ஜூலையில் சுமார் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.